அக்காவின் ஓடுபாதையைச் சுத்தம் செய்தவன்

என் கைக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பொருள் அதன் இடத்தில் இல்லை என்று கண்ணில் பட்டால் போதும், எடுத்து ஓரமாக வைத்துவிடும். கல்யாண மண்டபத்தில் யாரும் கேட்காமலேயே தாம்பூலப் பைகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டரின் மேசையில் சிதறிக் கிடந்த பேனாக்களை ஒரே பக்கம் பார்க்க அடுக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதிக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ‘நல்ல பழக்கம்தானே’ என்பீர்கள். என் அக்காவிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இது பிறவி வியாதி இல்லை. (பள்ளிக்கூட நாட்களில் என் பைக்குள் கையை விட்டால் புளியங்கொட்டை, உடைந்த பம்பரம், பாதி தின்ற கடலைமிட்டாய் எல்லாம் ஒன்றாக வரும்.) ஸ்ரீபெரும்புதூரில் ஒட்டிக்கொண்ட வியாதி. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோவையும் ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து, செல்போன் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். அங்கே ஃபைவ் எஸ் என்று ஒரு மதம் உண்டு. எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம், எல்லா இடத்துக்கும் ஒரு பெயர். பெயர் ஒட்டாத பொருள் எதுவானாலும் சிவப்புப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய பாவம், தரையில் கிழிந்த டேப். நடக்கும் வழிக்கு மஞ்சள் டேப், கழிவுக்குச் சிவப்பு டேப் என்று தரை முழுக்கக் கோடு ஒட்டியிருப்பார்கள். அதில் ஒரு துணுக்கு பிய்ந்து கிடந்தாலும் ஆடிட்டில் மார்க் போய்விடும். சூப்பர்வைசர் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார்.

நான் இந்த மதத்தின் தீவிர பக்தன் ஆனேன். கிழிந்த டேப்பை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரிப்பதில் எங்கள் லைனில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நோட்டீஸ் போர்டில் என் போட்டோவைப் போட்டு ஒரு வெந்நீர் பிளாஸ்க்கும் கொடுத்தார்கள். அந்தப் போட்டோவை போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். ‘கூட்டிப் பெருக்குததுக்கா டிப்ளமா படிச்ச?’ என்று அம்மா கேட்டாள்.

அக்காவும் அப்போது இந்தப் பக்கம்தான் இருந்தாள். பெயர் பேச்சியம்மாள். வல்லம் வடகாலில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் அவளும் கான்ட்ராக்ட். எட்டுப் பெண்களோடு ஒரு ஹாஸ்டல் அறையில் இருந்தாள். ஆனால் அவளுடைய உண்மையான வேலை நீளம் தாண்டுவது. பள்ளிக்கூடத்திலிருந்தே தாண்டினாள். ஊர் மைதானத்தில் அவள் ஓட ஆரம்பிக்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாகத் தன்னுடைய நீலச் செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைப்பாள். அந்த இடம் ஒரு சாண் மாறினாலும், மிதித்து எழும்ப வேண்டிய பலகையைக் கால் தாண்டிப் போய்விடும், அல்லது பலகைக்கு முன்னாலேயே எழும்பிவிடும். ஒருமுறை நாய் அந்தச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து செருப்புக்குப் பக்கத்தில் குச்சியோடு உட்கார்ந்து காவல் காப்பது என் வேலை ஆனது. சிரத்தையாகத்தான் காத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சாதகமாகச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது.

அந்த வருடம் பல நாட்டுத் தொழிலாளர்கள் மோதும் விளையாட்டுப் போட்டிகளைச் சென்னை நடத்துவதாக முடிவானது. ஓட்டம், தாண்டுதல், கபடி, கைப்பந்து என்று எல்லாம் உண்டு. சென்னைதான் நடத்துகிறது என்று போஸ்டரில் இருந்தாலும், சென்னையில் இடம் போதாமல் தடகளத்தை எங்கள் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி மைதானத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரகடம் போகும் சாலைக்கு ஒரே வாரத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. காம்பவுண்டுச் சுவர்களில் எல்லாம் ஓவியங்களில் கட்டுமஸ்தான மனிதர்கள் ஈட்டி எறிந்தார்கள். சாலை நடுவில் செம்பருத்தி நட்டார்கள். சாலையில் திரிந்த மாடுகளை எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. சாலைப் பள்ளங்களை மைதானம் போகும் பக்கத்தில் மட்டும் நிரப்பினார்கள். (வந்து சேர்ந்தவர்கள் எப்படியாவது திரும்பிப் போய்க்கொள்வார்கள் என்று நினைத்திருக்கலாம்.)

“எங்கூர் ரோட்டுக்கு தார் போடணும்னா இனிமே ஒலகத்தையே கூப்டணும் போல கீது” என்றார் தேவராஜ் அண்ணன். மண்ணூர்க்காரர், எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். கம்பெனிகள் எல்லாம் தொண்டர்களாக ஆள் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் கம்பெனிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கிளம்புவதற்கு முன் எச்ஆர் சார் எங்களை நிற்கவைத்துப் பேசினார். நல்ல பெயரோடு திரும்பி வருபவர்களை பெர்மனென்ட் செய்யப் பேசுவார்களாம். ஒரே ஒரு புகார் வந்தாலும் கான்ட்ராக்டை நீட்டிக்க மாட்டார்களாம். என் கழுத்தில் போட்டோ ஒட்டிய ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா அந்தப் போட்டியில் தாண்டத் தேர்வாகியிருந்தாள். அவளுக்கும் ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருந்தது. கடைசிச் சுற்றுக்குப் போகும் எட்டுப் பேருக்குள் வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெர்மனென்ட். வராவிட்டால் மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் முடிகிறது, ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்கே அம்மா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். ‘இந்த ஒரு தடவ குதிச்சிட்டு வந்திரு, அதோட சரி’ என்று அம்மா போனில் சொன்னதை, அக்கா அப்படியே அம்மாவின் குரலிலேயே எனக்குப் பேசிக் காட்டினாள். சிரித்துக்கொண்டேதான் பேசிக் காட்டினாள்.

எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் வேலை விழுந்திருந்தது. தேவராஜ் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி, நீளம் தாண்டும் இடத்தில் மணலைச் சமப்படுத்தும் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். ஒவ்வொருவரும் தாண்டி முடித்து, தூரத்தை அளந்த பிறகு, பல் வைத்த நீளக் கோலால் மணலை இழுத்து அடுத்தவருக்குத் தடம் இல்லாமல் செய்ய வேண்டும். என் வியாதிக்கு அதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா பதறினாள்.

“ஏலே முத்து, அங்கன வந்து யக்கா கிக்கான்னு கூப்ட்டுறாத. தம்பின்னு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சிக்கல். நீ யாரோ, நான் யாரோ.”

“சரிக்கா.”

“இளிக்கவும் கூடாது.”

அன்று காலை நான் இளிக்காமல் இருந்த கஷ்டம் எனக்குத்தான் தெரியும். ஐந்தாறு நாட்டுப் பெண்கள், ஒவ்வொருத்தியும் தென்னை மரத்தில் பாதி உயரம். நடுவில் என் அக்கா, கறுப்பாக, குட்டையாக, முதுகில் நம்பரோடு நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் என்று பெரிதாக இல்லை. ஷிப்ட் முடிந்த ஆட்களை கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து உட்காரவைத்திருந்தார்கள். பாதிப் பேர் பஸ்ஸில் விட்ட தூக்கத்தை அங்கே தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.

அடையாளம் வைக்க எல்லாருக்கும் நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லை கொடுத்திருந்தார்கள். ஓடுபாதை ஓரமாக ஒவ்வொருத்தியும் தன் இடத்தில் வைத்துக்கொண்டாள். ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. வில்லை நகர்ந்துவிடும் என்று அக்காவுக்குப் பயம். அதிகாரியிடம் அனுமதி வாங்கி, வில்லைக்குப் பதிலாக ஒரு துண்டு டேப்பைக் கிழித்து ஒட்டினாள். ஒட்டினால் பறக்காது அல்லவா. அப்போது நான் குழிக்கு அந்தப் பக்கம் மணலை இழுத்துக்கொண்டிருந்தேன், அதைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீலச் செருப்புதான். அந்தச் செருப்பைக் காணோமே என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

எல்லாருக்கும் மூன்று முறை வாய்ப்பு. அதில் முதல் எட்டுப் பேர் மேலே போவார்கள். முதல் தடவை அக்காவின் கால் நுனி பலகையை மீறியது, அந்தத் தாண்டல் செல்லாது. சிவப்புக் கொடி. டேப்பைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி ஒட்டினாள். இரண்டாம் தடவை பலகைக்கு வெகு முன்னாலேயே எழும்பினாள். வெள்ளைக் கொடிதான், ஆனால் தூரம் வரவில்லை. மறுபடி நடந்து, பாதம் பாதமாக வைத்து அளந்து, நடுவில் ஓர் இடம் கண்டுபிடித்து ஒட்டினாள். (டேப் விவரமெல்லாம் அவள் பிறகு சொல்லித்தான் தெரியும், அப்போதெல்லாம் நான் மணலைப் பார்த்துக் குனிந்திருந்தேன்.) இனி ஒரே ஒரு தாண்டல்தான் மிச்சம்.

இந்த நேரம் பார்த்து, வெளிநாட்டுப் பிரதிநிதிகள் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்று போட்டியைச் சிறிது நேரம் நிறுத்தினார்கள். பெண்கள் நிழலுக்குப் போனார்கள். தேவராஜ் அண்ணன் வியர்த்து வழிய ஓடிவந்தார்.

“இன்னாபா முத்து, சும்மா நின்னுகினு கீற? பெரிய ஆளுங்க வர்றாங்கோ. அந்த பாட்டிலு, குப்பை, அல்லாத்தையும் எடு. சும்மா பளிச்சுனு இர்க்கணும், நம்ம லைனு மாதிரி.”

‘நம்ம லைனு மாதிரி.’ அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குள் இருந்த நோட்டீஸ் போர்டு வீரன் எழுந்துவிட்டான். காலி பாட்டில்களைப் பொறுக்கினேன். வாழைப்பழத் தோலைப் பொறுக்கினேன். ஓடுபாதை ஓரமாகக் குனிந்து நடந்தேன். பிளாஸ்டிக் வில்லைகளைப் பார்த்தேன், அவற்றில் நம்பர் இருந்தது. பெயர் இருக்கிற பொருளைத் தொடக் கூடாது, அதுதான் எங்கள் மதம். மரியாதையாக விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் கடைசியில், கோணலாகக் கிழித்த ஒரு துண்டு டேப். பெயர் இல்லை. நம்பர் இல்லை. ஒரு முனை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா! உலகமே வருகிறது, தரையில் கிழிந்த டேப்!

நகத்தால் நெம்பினேன். ஒரே இழுப்பு. பசைகூட மிச்சமில்லாமல் வந்துவிட்டது. நிமிர்ந்து, யாராவது பார்த்தார்களா என்று பெருமையோடு சுற்றிப் பார்த்தேன்.

பிரதிநிதிகள் வந்தார்கள், கை அசைத்தார்கள், போனார்கள். போட்டி தொடங்கியது. அக்காவின் முறை வந்தது. அவள் ஓடுபாதையின் அந்தக் கோடிக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். இரண்டடி முன்னால் வந்தாள், பின்னால் போனாள், மறுபடி குனிந்தாள். இவள் எதைத் தேடுகிறாள் என்று நானும் அக்கறையாக எட்டிப் பார்த்தேன். (அவ்வளவு புத்திசாலி நான்.) கோலைக் கை மாற்றும்போதுதான் கட்டைவிரலில் ஏதோ ஒட்டியது தெரிந்தது. அந்த டேப் துண்டு, சுருண்டு, என் விரலிலேயே இருந்தது.

அக்காவும் அதே நேரம் பார்த்துவிட்டாள். முதலில் என் விரலைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

பி.டி. டீச்சர் மாதிரி தொப்பி போட்ட ஒரு மேடம், அங்கே நடுவர்களில் ஒருவர், அக்காவிடம் போனார். தமிழ்க்காரர்தான்.

“என்னம்மா தேடுற? உன் மார்க் எங்க?”

அக்கா மறுபடி தரையைப் பார்த்தாள்.

“யாராவது எடுத்துட்டாங்களா? அப்படின்னா சொல்லு. நேரத்தை நிறுத்திட்டு, மறுபடி அளந்து வைக்கலாம். உனக்கு உரிமை இருக்கு. யார் எடுத்தது?”

நான் சொல்லியிருக்க வேண்டும். கையைத் தூக்கி ‘நான்தான் மேடம்’ என்று மூன்று எட்டு முன்னால் வந்திருந்தால் முடிந்துபோயிருக்கும். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஒரு தடவை, ஈ விரட்டுவது போல ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

“காத்துல பறந்திருச்சு மேடம்.”

“ஒட்டின டேப்பா?”

“ஆமா மேடம்.”

மேடம், பக்கத்தில் நகராமல் கிடந்த பிளாஸ்டிக் வில்லைகளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “சரி, அப்ப உன் நேரம் ஓடிக்கிட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு விலகினார்.

அக்கா ஒரு குத்துமதிப்பில் போய் நின்றாள். ஓடினாள். ஊர் மைதானத்தில் அவள் ஓடி நூறு தடவை பார்த்திருக்கிறேன், அப்படி ஓடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எழும்பினாள். நான் மணல் குழிக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன், என் தலைக்கு நேராக அவள் போகிறாள். மணல் என் முகத்தில் தெறித்தது. ஓரத்தில் தூரம் எழுதிய பலகைகள் வரிசையாக நட்டிருக்கும். அதுவரை முன்னால் இருந்த வெளிநாட்டுப் பெண் விழுந்த இடத்தைத் தாண்டி அக்காவின் தடம் இருந்தது. உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஆட்கள் எழுந்து விசில் அடித்தார்கள்.

சிவப்புக் கொடி ஏறியது. பலகையை ஒரு பாத நீளம் தாண்டி மிதித்திருந்தாள்.

சிவப்புக் கொடி ஏறினால் அளக்க மாட்டார்கள். அக்கா மணலில் உட்கார்ந்தபடியே கொடியைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் தடத்தைப் பார்த்தாள். எழுந்து, காலில் இருந்த மணலைத் தட்டிவிட்டு, என்னைக் கடந்து போனாள். நீ யாரோ, நான் யாரோ.

நான் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றைச் சுத்தம் செய்ய எனக்குக் கை வரவில்லை. இரண்டு குதிகால் குழியும், ஒரு கை ஊன்றிய தடமும் அப்படியே இருந்தன.

“தம்பி, இன்னா வேடிக்கை? மண்ணை இழு, அடுத்தது வெய்ட்டிங்ல கீது” என்று தேவராஜ் அண்ணன் கத்தினார்.

இழுத்தேன்.

சாயங்காலம் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். அக்கா இரண்டு டீ சொன்னாள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அடக்கி அழவெல்லாம் எனக்கு வராது, மூக்கு ஒழுக, விக்கலோடு, சுற்றி நின்ற வடநாட்டுப் பையன்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன்.

“ஏலே, அழாத” என்றாள். “அட்டை நனையுது பாரு. அதத் திருப்பிக் குடுக்கணும்லா.”

எனக்கு நல்ல பெயர் வந்தது. மைதானத்தைச் சுத்தமாக வைத்திருந்தேன் என்று கம்பெனிக்குப் பாராட்டு எழுதி அனுப்பினார்கள். அடுத்த வருடம் பெர்மனென்ட் ஆனேன். இன்று அதே கம்பெனியில் சூப்பர்வைசர். அக்காவுக்கு மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் முடிந்தது. ஊருக்குப் போனாள். அம்மா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டியில் இருக்கிறாள். அத்தான் நல்ல மனிதர். அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அப்புறம் அவள் தாண்டவே இல்லை.

இந்தக் கதையை வீட்டில் வேடிக்கையாக்கியவள் அக்காதான். என் கல்யாணத்தன்று பந்தியில் முதல் முறையாகச் சொன்னாள். என்னைப் போலவே குனிந்து, கண்ணை இடுக்கி, நகத்தால் நெம்பி, பெருமையோடு சுற்றிப் பார்த்து நடித்துக் காட்டினாள். சிரிப்பில் பரிமாறியவர்கள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். அதிலிருந்து நான் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், ‘எல்லாத்துலயும் பேர எழுதி வைங்க, முத்து வந்துட்டான்’ என்பார்கள். அக்காவுக்கு மகள் பிறந்தபோது நான் கையை நீட்டினேன். ‘இன்னும் பேரு வைக்கல, இவன்கிட்ட குடுக்காதீங்க, ஓரமா எடுத்து வச்சிருவான்’ என்று அம்மாவே சொன்னாள். ஆஸ்பத்திரி வார்டே சிரித்தது.

அக்கா சொல்லும் கதையில் அந்த மேடம் கிடையாது. டேப் என் விரலில் இருந்ததோடு கதை முடிந்துவிடும்.

இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வழக்கம்போல அக்கா நடித்துக் காட்டினாள், வழக்கம்போல எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி கலா மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் போன மாதம்தான் எங்கள் பையனின் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போய் வந்திருந்தாள். அங்கே குறுக்கே யாரோ வந்துவிட்டதால் ஒரு பிள்ளைக்கு மறுபடி ஓட வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

“மதினி, நீங்க அங்க இருந்தவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லா, இவுகதான் எடுத்தாகன்னு? இன்னொரு தடவ விட்டிருப்பாகளே?”

நான் இலையைப் பார்த்துக்கொண்டேன். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். கரண்டி நிற்கவில்லை.

“சொல்லி? இவன வேலைய விட்டுத் தூக்கி ஊருக்கு அனுப்பியிருப்பாக. தெனமும் நம்ம வீட்டையில்லா சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்திருப்பான்!”

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அத்தான் அவள் தலையில் தட்டினார். கலா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே எழுந்து, பக்கத்தில் தாறுமாறாகக் கிடந்த டம்ளர்களை எடுக்கக் கையை நீட்டினேன்.

“ஏலே, அது கெடக்கட்டும்” என்றாள் அக்கா. “நீ உக்காந்து சாப்பிடு.”

உட்கார்ந்து சாப்பிட்டேன்.